ஜாம் உறையவில்லை, ஜெல்லி கசிகிறது: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது?

நான் ஜாம் செய்வேன் என்று தெரிந்ததிலிருந்து, கெட்டுப்போன ஜாம்களெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. வீட்டுக்கு வருபவர் கையில் ஒரு பாட்டில் இருக்கும். அதைச் சாய்த்துக் காட்டுவார். உள்ளே பாகு ஓடும். "பெக்டின் போட்டும் இப்படி!" என்பார். பெக்டின் என்றால் பழத்திலேயே இருக்கும், ஜாமை உறையவைக்கும் பொருள்; கடையில் தூளாகவும் திரவமாகவும் கிடைக்கும். முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும் என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்க, திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுத் தப்புகள்தான். அவற்றை அறிகுறிப்படி இங்கே பிரித்து வைத்திருக்கிறேன். உங்கள் பாட்டிலில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எளிதான காரணம் முதலில், கையைக் கடிக்கிற காரணம் கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்: உங்கள் கையில் இருப்பது எந்தப் பெக்டின்?

பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது.

சாதாரணப் பெக்டின் தூள்: சர்க்கரை நிறைய வேண்டும், புளிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் உறையாது. தூளைப் பழத்தோடு முதலிலேயே கலந்து கொதிக்கவிட்டு, அப்புறம்தான் சர்க்கரை.

திரவப் பெக்டின்: இதற்கும் சர்க்கரையும் புளிப்பும் வேண்டும், ஆனால் வரிசை நேர் எதிர். பழமும் சர்க்கரையும் கொதித்த பிறகு கடைசியில் ஊற்றுவது இது.

சர்க்கரை குறைவாகப் போட உதவும் பெக்டின்: இதில் ஒரு வகை கால்சியத்தால் உறைகிறது. பாக்கெட்டுக்குள் இன்னொரு குட்டிப் பொட்டலம் இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அந்தப் பொட்டலத்தை ஈரம் உறிஞ்சும் பொட்டலம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் போட முடியாது. செய்முறையில் தூள் என்று இருந்தால் தூள்தான்.

## அறிகுறி: ஜாம் ஓடுகிறது, உறையவே இல்லை

### பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் ஆகவில்லையா?

அப்படியென்றால் இது கோளாறே இல்லை. சூடாக இருக்கும்போது எந்த ஜாமும் பாகுபோலத்தான் ஓடும். முழுக்க ஆறி, பெக்டின் உள்ளே வலைபோலப் பின்னி நிற்க 24 முதல் 48 மணி நேரம் எடுக்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைத் தோலோடு சேர்த்துச் செய்யும் மார்மலேட் இன்னும் சில நாள் கேட்கும். அதுவரை பாட்டிலைக் குலுக்காதீர்கள், சாய்த்துச் சாய்த்துப் பார்க்காதீர்கள். பாதி உறைந்த வலையைக் கலைத்துவிட்டால் அது மறுபடி அதே பலத்தோடு சேராது. ஒவ்வொரு மணி நேரமும் எடுத்து ஆட்டிப் பார்த்தே ஒரு நல்ல ஜாமைக் கெடுத்தவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

### கொதி சரியாக வந்ததா?

பாக்கெட்டில் "முழுக்கொதி" என்று இருப்பதை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் குமிழி வருவது கொதியல்ல. கரண்டியால் கிண்டினாலும் அடங்காமல், பாத்திரம் முழுக்கத் தளதளவென்று பொங்கி நிற்க வேண்டும். அந்த நிலை வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சரியாக 1 நிமிடம். சாதாரணப் பெக்டின் போடும் பெரும்பாலான செய்முறைகளில் கணக்கு இதுதான்.

பலரும் 1 நிமிடத்தை முதல் குமிழியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். இன்னும் சிலர், "கொஞ்சம் கூட இருக்கட்டுமே" என்று 10 நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். பெக்டின் நீண்ட கொதியில் உடைந்துபோகும். ஆகவே கூடுதல் கொதி இங்கே காப்பீடு அல்ல. பாகு காய்ச்சும்போது விரல்களுக்கிடையே கம்பி இழுக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால், அதை ஜாமில் மறந்துவிடுங்கள். கம்பிப் பதம் சர்க்கரையைத்தான் காட்டும், பெக்டினைக் காட்டாது.

### ஒரே பாத்திரத்தில் இரண்டு மடங்கு செய்தீர்களா?

ஒருமுறை பழம் மலிந்து கிடக்கிறதே என்று எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினேன். பதினான்கு பாட்டில் பாகு கிடைத்தது. பாத்திரத்தில் ஆழம் கூடினால் கொதி வர நேரமாகும். அடியில் இருப்பது அதிகம் வெந்திருக்கும், மேலே இருப்பது வெந்திருக்காது. அந்த நேரத்திற்குள் பெக்டின் பாதி பலம் இழந்திருக்கும். செய்முறையில் உள்ள அளவுக்கு ஒருமுறை, மறுபடி அதே அளவுக்கு இன்னொரு முறை. அகலமான, அடி கனமான பாத்திரம். உள்ளே போடுவது பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பொங்கும்.

### சர்க்கரையைக் குறைத்தீர்களா?

"இவ்வளவு சர்க்கரையா!" என்று கை தயங்கி ஒரு கப் குறைத்திருப்பீர்கள். சாதாரணப் பெக்டினுக்கு அந்தச் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை; தண்ணீரைப் பிடித்துவைப்பதே அதுதான். முடிந்த ஜாமில் எடைக்கு ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம் கரைந்த சர்க்கரை இருந்தால்தான் அது உறையும். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பைப் போட்டாலும் இதே கதைதான். இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் பெக்டினை மாற்றுங்கள், சர்க்கரையை அல்ல.

### புளிப்பு இருக்கிறதா?

நன்றாகக் கனிந்த பழத்தில் இனிப்பு ஏறும்போது புளிப்பு இறங்கிவிடும். அத்தி, பப்பாளி, வாழை, கனிந்த மாம்பழம், பேரிக்காய் இவற்றில் எலுமிச்சைச் சாறு இல்லாமல் சாதாரணப் பெக்டின் வேலை செய்யாது. சோதிக்க நாக்கே போதும். 3 மேசைக்கரண்டித் தண்ணீரில் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை கலந்து சுவையுங்கள். உங்கள் பழச்சாறு அந்த அளவுக்காவது புளிக்க வேண்டும். இல்லையென்றால் சாறு 1 கப்புக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பாட்டிலில் அடைத்து விற்கும் எலுமிச்சைச் சாறு இந்த ஓர் இடத்தில் புதுச் சாற்றைவிட நல்லது. அதன் புளிப்பு ஒரே சீராக இருக்கும்.

### பெக்டின் பழசா?

மூடியைத் திறந்து அலமாரியில் ஓராண்டாக இருந்த தூளை நம்பாதீர்கள். தேதி தாண்டியதை எவ்வளவு கூடப் போட்டால் சரியாகும் என்று கேட்பார்கள். யாராலும் சொல்ல முடியாது. புதிது வாங்குவதுதான் மலிவு.

### சரி, உறையாததை மறுபடி காய்ச்சுவது எப்படி?

இரண்டு நாள் காத்திருந்தும் ஓடுகிறது என்றால்தான் இது. ஒரு தடவைக்கு 4 முதல் 6 கப் வரை போதும். அதற்கு மேல் எடுத்தால் முன்பு செய்த தப்பே திரும்ப நடக்கும்.

தூள் பெக்டின் என்றால், ஜாம் 4 கப்புக்கு: கால் கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 4 தேக்கரண்டிப் பெக்டின் தூள். பெக்டின், தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கிண்டிக்கொண்டே கொதிக்க வையுங்கள். அதில் ஜாமையும் சர்க்கரையையும் சேருங்கள். பெரிய தீயில் கைவிடாமல் கிண்டி முழுக்கொதி வந்ததும் அரை நிமிடம். உடனே இறக்கி, நுரை எடுத்து, சூடான சுத்தமான பாட்டிலில் ஊற்றிப் புது மூடி போடுங்கள். அப்புறம் பாட்டில்களைக் கொதிநீரில் வைக்கும் வேலையை (கீழே பூஞ்சை பற்றிய பகுதியில் இருக்கிறது) முதலிலிருந்து செய்ய வேண்டும்.

திரவப் பெக்டின் என்றால், 4 கப்புக்கு முக்கால் கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 2 மேசைக்கரண்டிப் பெக்டின். இங்கே ஜாமை மட்டும் முதலில் கொதிக்க வைத்து, இறக்கி, மற்ற மூன்றையும் வேகமாகக் கலந்து, மறுபடி முழுக்கொதியில் 1 நிமிடம்.

இதற்கும் உறையவில்லையா? விட்டுவிடுங்கள். மூன்றாம் முறை காய்ச்சினால் பழவாசனை போய்க் கருகிய சர்க்கரை வாசனைதான் மிஞ்சும். பாகு என்று எழுதி ஒட்டி, கேக்கின் மேல் ஊற்றுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

## அறிகுறி: உள்ளே முத்து முத்தாகப் பெக்டின் கட்டிகள்

தூளை நேராகச் சூடான பழக்கூழில் கொட்டியிருக்கிறீர்கள். மேலே தோல் கட்டி உள்ளே உலர்ந்தே நிற்கும். எவ்வளவு கொதித்தாலும் கரையாது. செய்முறையில் உள்ள சர்க்கரையிலிருந்தே தூளைப்போல நான்கைந்து மடங்கு எடுத்து, உலர்ந்த நிலையிலேயே கலந்து, சூடேறாத பழத்தில் தூவிக் கிண்டினால் கட்டி தட்டாது. ஏற்கெனவே கட்டி தட்டியதை வடிகட்டத்தான் முடியும். வடிகட்டினால் பெக்டினும் குறைந்துவிடும், ஆகவே மேலே சொன்ன மறுகாய்ச்சலுக்குத் தயாராக இருங்கள்.

முத்துக்களாக இல்லாமல் ஜெல்லி முழுவதும் உடைந்த துண்டுகளாகத் தெரிந்தால் காரணம் வேறு. பாத்திரத்திலேயே உறைய ஆரம்பித்த பிறகு ஊற்றியிருக்கிறீர்கள். பாட்டில்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைக்க வேண்டும்.

## அறிகுறி: ரப்பர் மாதிரி, கரண்டி இறங்கவில்லை

அதிகம் கொதித்து நீர் வற்றியது, அல்லது காயான பழத்தில் இருந்த சொந்தப் பெக்டினோடு நீங்கள் போட்டதும் சேர்ந்துகொண்டது. கொய்யா, ஆப்பிள், எலுமிச்சை வகைகளில் இது சகஜம். அவற்றிற்கு வெளிப் பெக்டின் தேவையே இல்லாத நேரமும் உண்டு. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு இளஞ்சூட்டில் கிளறினால் இளகும். மொத்தப் பாட்டிலையும் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

## அறிகுறி: ஜெல்லியின் மேல் தண்ணீர் கசிந்து நிற்கிறது

ஓரமாக, மேலாக, தெளிவான நீர் நிற்கும். நல்ல வாசனையும் பூஞ்சை இல்லாத மேற்பரப்பும் இருந்தால் சாப்பிடலாம், ஊற்றிவிட்டோ கலக்கியோ.

காரணங்களில் முதலாவது, பாட்டில் இருக்கும் இடம். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, வெயில் படும் சன்னல் இரண்டும் கூடாது. பகலில் சூடேறி இரவில் ஆறும் இடத்தில் ஜெல்லி வியர்க்கும். இருட்டான, குளிர்ச்சியான, மாறாத இடத்துக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். அடுத்தது, உறையும்போது நகர்த்தியது. கடைசியாக, புளிப்பு மிகுதி: உறையாதோ என்ற பயத்தில் எலுமிச்சைச் சாற்றைக் கை தாராளமாக ஊற்றினால், வலை இறுகிச் சுருங்கி உள்ளே இருந்த நீரைப் பிழிந்து தள்ளும். அடுத்த முறை அளந்து விடுங்கள்.

## அறிகுறி: நறநறவென்று பல்லில் கடிபடுகிறது

எப்போது, எங்கே என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

பாட்டில் திறந்த பிறகு மேலே மட்டும் படிகம்: நீர் ஆவியானது. மூடி சரியாக இல்லை.

முழுக்கப் படிகம்: சர்க்கரை கூடியது அல்லது ரொம்ப நேரம் மெல்லக் கொதித்து வற்றியது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய சர்க்கரைக் குறுணை உள்ளே விழுந்தாலும் அதைச் சுற்றி மற்றது கூடிவிடும். ஊற்றும் முன் பாத்திர ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இருப்பதைச் சரிசெய்ய, பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி மெல்லச் சூடேற்றினால் பெரும்பாலும் கரையும், ஆனால் திரும்பி வரலாம்.

திராட்சை ஜெல்லியில் கண்ணாடித் துகள் போலக் கூர்மையாக இருந்தால் பயப்படாதீர்கள், அது சர்க்கரையே இல்லை. திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு. சூடாக்கினாலும் எளிதில் போகாது. அடுத்த முறை சாற்றை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலிருந்து வடிகட்டி எடுங்கள். ஆனால் பாட்டிலின் விளிம்பே உடைந்திருந்தால் அது நிஜமாகவே கண்ணாடி, யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள்.

## அறிகுறி: பழம் மேலே, ஜெல்லி கீழே

ஊற்றிய அவசரம். அடுப்பிலிருந்து இறக்கி 5 நிமிடம் விட்டு, மெல்லக் கிண்டி, அப்புறம் ஊற்றினால் பாகு சற்றே தடித்துப் பழத்தைத் தாங்கிக்கொள்ளும். மார்மலேட்டுக்கு 10 நிமிடம்கூட விடலாம். பழம் பெரிய துண்டாகவோ காயாகவோ இருந்தாலும் மிதக்கும். சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை, திறக்கும்போது கிண்டிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஜெல்லி கலங்கல்

சாறு வடிகட்டும் துணியைப் பிழிந்தீர்கள். வேறு காரணங்களும் உண்டு, காய்ப்பழத்தின் மாவுச்சத்து, மிக மெதுவாக ஊற்றியதில் சிக்கிய காற்று என்று. ஆனாலும் பெரும்பாலும் பிழிந்ததுதான். தொங்கவிட்டுத் தானாகச் சொட்டட்டும் என்று விட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நுரை அதிகம் வந்தால் கொதிக்கும் முன் அரைத் தேக்கரண்டி வெண்ணெய் போடுங்கள், அடங்கும்.

## அறிகுறி: மார்மலேட்டில் தோல் தோலாகவே இருக்கிறது

இதற்கு மருந்தே இல்லை, வருமுன் காப்பதுதான். சர்க்கரை பட்ட பிறகு தோல் வேகாது. எவ்வளவு கொதித்தாலும் இறுகும், மிட்டாய்போல ஆகும். ஆகவே சர்க்கரை போடுவதற்கு முன் ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் நசுக்குங்கள். எதிர்ப்பு இல்லாமல் நசுங்க வேண்டும். "கிட்டத்தட்ட வெந்துவிட்டது" என்பது வேகவில்லை என்றுதான் அர்த்தம். திறந்த பாத்திரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். பிரஷர் குக்கரில் வைத்தால் அதில் பாதி நேரம்கூடத் தேவையில்லை. முந்தைய இரவே ஊறவைத்தால் இன்னும் சீக்கிரம்.

கசப்பு தாங்கவில்லை என்றால், தோலை ஒருமுறை கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கொட்டும் தண்ணீரோடு தோலின் சொந்தப் பெக்டினும் கொஞ்சம் போகும். நீங்கள்தான் வெளியிலிருந்து போடுகிறீர்களே, பரவாயில்லை. கசப்பே பிடிக்காதவர் ஏன் மார்மலேட் செய்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

## அறிகுறி: நிறம் மங்கியது, மேல் பகுதி கறுத்தது

மேலே மட்டும் கறுத்தால் பாட்டிலில் காற்று அதிகம். விளிம்புக்குக் கீழே 6 மில்லிமீட்டர் இடம் போதும். முழுவதும் மங்கினால் வெளிச்சமும் சூடும். ஸ்ட்ராபெரி இதில் மோசம், இருட்டில் வைத்தாலும் மாதங்கள் போகப்போக வெளுக்கும். செய்த அன்றே பழுப்பு என்றால் அடி பிடித்திருக்கிறது. அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சுவைத்துப் பாருங்கள்.

## அறிகுறி: பூஞ்சை, நகரும் குமிழி, உப்பிய மூடி

இங்கே பேரம் இல்லை. மேலே பூத்ததை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். சில பூஞ்சைகளின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் ஜாமுக்குள் இறங்கும். சூடாக்கினாலும் முழுக்கப் போகாது. முழுப் பாட்டிலும் குப்பைக்குத்தான்.

குமிழி அசையாமல் கண்ணாடியில் ஒட்டி நின்றால் அது ஊற்றும்போது சிக்கிய காற்று, கவலையில்லை. பாட்டிலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே குமிழி மேலேறுகிறது, திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, சாராய வாசனை அடிக்கிறது என்றால் நொதித்துவிட்டது. சுவைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

இது மறுபடி நடக்காமலிருக்க, மெழுகு ஊற்றி மூடுவதையும் பாட்டிலைக் கவிழ்த்து வைத்து மூடி பிடிக்கவைப்பதையும் விட்டுவிடுங்கள். மூடிய பாட்டில்கள் முழுக்க மூழ்கும்படி கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் குறைந்தது 5 நிமிடம் கூட்ட வேண்டும். ஆறிய பிறகு மூடியின் நடுவை அழுத்துங்கள். உள்ளே போய் மேலே வந்தால் மூடி பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் அதைக் காலி செய்யுங்கள். சர்க்கரை குறைத்துச் செய்த ஜாமைத் திறந்த பிறகு மூன்று வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

## எப்போது வேறு ஆளைக் கேட்க வேண்டும்?

ஒரே செய்முறை, புதுப் பெக்டின், சரியான கொதி, இருந்தும் இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் மூன்றாம் முறைக்குப் பழம் வாங்காதீர்கள். பாக்கெட்டில் நிறுவனத்தின் தொடர்பு எண் இருந்தால், அதில் அச்சடித்த தொகுப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எப்போதாவது தப்பு நிஜமாகவே தூளில் இருக்கும்.

கேரட், பூசணி, குடைமிளகாய் மாதிரிக் காய்களில் ஜாம் செய்ய உங்கள் சொந்த அளவுகளைப் போட்டால், அல்லது அத்தி, பப்பாளி, வாழையில் எலுமிச்சைச் சாற்றைக் குறைத்தால், அது உறைகிறதா என்பது இரண்டாவது கேள்வி. பிஎச் என்பது புளிப்பின் அளவு, புளிப்புக் குறையக் குறைய அந்த எண் ஏறும். அது 4.6க்கு மேல் போனால், மூடிய பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளர வழி இருக்கிறது. கலர்த் தாள் வைத்துப் பார்ப்பது இங்கே போதாது. ஜாமின் நிறமே தாளை ஏமாற்றும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அளந்து வாங்குங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் எந்தப் பழமானாலும் இது கட்டாயம்.

சந்தேகத்துக்குரிய பாட்டிலிலிருந்து சாப்பிட்ட யாருக்காவது பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நாக்குக் குழறினால், விழுங்க முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பாட்டிலைக் கழுவிவிடாமல், மூடி, பைக்குள் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.